யன்னலை அடைப்பது கூரைக்காக

பனிச்சங்கேணிக்குக் கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே களப்பு. நடுவில் ஒடுக்கமான மணல் நிலம். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ15 வீதி இங்கே பாலத்தில் ஏறிக் களப்பைக் கடந்து வாகரைப் பக்கம் போகிறது. தரைக்கு அருகே காற்றின் வேகத்தைத் தடுத்துக் குறைப்பவை மரங்களும் கட்டடங்களும் மேடுகளும்தான். நீர்ப்பரப்பில் இவை எதுவும் கிடையாது. வாடைக்காற்று கடலிலிருந்து வந்தாலும் சரி, கச்சான் களப்புப் பக்கமிருந்து அடித்தாலும் சரி, இங்குள்ள வீட்டுச் சுவரில் அது வேகம் தணியாமல் மோதும். தோப்புக்கு நடுவே இருக்கும் உள்நாட்டு வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் பொறியியலாளர் ஒரே கணக்குப் போடமாட்டார்.

எழுபத்தெட்டுச் சூறாவளி என்றால் கிழக்கிலங்கையில் யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதி மாலை அது மட்டக்களப்புக்கு அருகே கரையேறியது. உச்சத்தில் அதன் காற்று மணிக்கு 200 கிலோமீற்றரைத் தாண்டியிருந்தது. ஏறத்தாழ 900 பேர் இறந்தார்கள். பத்து இலட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். சேதமடைந்த கட்டடங்கள் இரண்டரை இலட்சம் அளவில் இருந்தன. மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் பெரும்பகுதி ஓரிரவில் சரிந்தது. அதே புயல் தீவைக் குறுக்கே கடந்து, மறுநாள் தமிழ்நாட்டின் கீழக்கரைப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

இப்படியொரு காற்று வருகிறது என்றதும் வீட்டில் முதலில் நடக்கும் காரியம், கதவு யன்னலைச் சாத்துவது. கண்ணாடி உடையாமல் இருக்க, மழை உள்ளே அடிக்காமல் இருக்க என்று காரணம் சொல்வோம். இரண்டும் சரியான காரணங்களே. ஆனால் அவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. புயலில் ஒரு யன்னல் போனால் அதோடு கூரையும் போகலாம். ஏன் என்று விளங்கிக்கொண்டால், எந்த யன்னலை, எதனால், எப்படி அடைக்க வேண்டும் என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

காற்றின் பாரம்

காற்றுக்கு எடை உண்டு. ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோ. அது ஓடி வந்து சுவரில் மோதி நிற்கும்போது அழுத்தம் உண்டாகிறது. கணக்கு எளிது: காற்றின் வேகத்தைச் செக்கனுக்கு இத்தனை மீற்றர் என்று எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, பிறகு 0.613 ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீற்றர் மீது எத்தனை நியூட்டன் விசை என்ற விடை வரும். இதில் கவனிக்க வேண்டியது வேகத்தின் வர்க்கம். வேகம் மூன்று மடங்கானால் அழுத்தம் ஒன்பது மடங்காகும்.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் மாரிக்காலக் காற்று ஒரு சதுர மீற்றருக்கு 17 கிலோ பாரம் வைத்தது போலத் தள்ளும். எந்தக் கதவும் அதைத் தாங்கும். மணிக்கு 180 கிலோமீற்றர் என்றால் அதே சதுர மீற்றரில் 156 கிலோ.

1978 அனுபவத்துக்குப் பிறகு, 1980இல், பலத்த காற்றைத் தாங்கும் கட்டடங்களுக்கான வடிவமைப்புக் கைநூல் ஒன்றை இலங்கை அரசு வெளியிட்டது. அது நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்தது. கிழக்குக் கரையோரம் முதல் வலயத்தில் வருகிறது. அங்கே சாதாரணக் கட்டடம் ஒன்று செக்கனுக்கு 49 மீற்றர் வேகத்தை, அதாவது மணிக்கு 176 கிலோமீற்றர் அளவிலான காற்று வீச்சைத் தாங்க வேண்டும். மூன்றாம் வலயமான தென்மேற்கில் இது செக்கனுக்கு 33 மீற்றர் அளவுதான். எண்களைப் பார்த்தால் ஒன்றரை மடங்கு வித்தியாசம். வர்க்கமாக்கிப் பார்த்தால் இரண்டு மடங்குக்கும் மேல். கொழும்பில் நிற்கும் அதே வீட்டை அதே சாமானால் வாகரையில் கட்டினால், அதன் மேல் விழும் காற்றுப் பாரம் இரட்டிப்பாகும்.

செக்கனுக்கு 49 மீற்றர் காற்றை ஒரு வாசல் கதவில் வைத்துப் பார்ப்போம். 90 சென்ரிமீற்றர் அகலம், 2.1 மீற்றர் உயரம், பரப்பு 1.9 சதுர மீற்றர். அதன் மேல் வரும் தள்ளல் ஏறத்தாழ 280 கிலோ. நான்கு ஆட்கள் ஒரே நேரத்தில் தோள் கொடுத்து மோதுவதற்குச் சமம். இந்தப் பாரத்தைத் தாங்கப்போவது மூன்று பிணைச்சலும் ஒரு தாழ்ப்பாளும் அவற்றைப் பிடித்திருக்கும் சில திருகாணிகளும். இரட்டைக் கதவென்றால் நிலைமை இன்னும் மோசம். இரண்டு மடலும் சந்திக்கும் நடுக்கோட்டில் பிடிமானமே இல்லை. மேலும் கீழும் உள்ள இரண்டு சிறு கொண்டிகள்தான் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கூரையை இரண்டு பக்கமும் இழுப்பது

காற்று சுவரைத் தள்ளுகிறது; கூரையையோ மேலே இழுக்கிறது. சுவரில் மோதிய காற்று மேலேறி, இறப்பின் விளிம்பில் கூரையைவிட்டுப் பிரிந்து பாய்கிறது. அப்படிப் பிரியும் இடத்தில் கூரையின் மேல் அழுத்தம் குறைந்து உறிஞ்சல் உண்டாகிறது. சரிவு குறைந்த கூரையில், அதிலும் அதன் ஓரங்களிலும் மூலைகளிலும் இந்த உறிஞ்சல் கடுமையாக இருக்கும். குறைந்த சரிவில் தகரமோ சீற்றோ போட்ட வீடுகள் முதலில் மூலையிலிருந்து உரிவதற்குக் காரணம் இதுதான்.

எல்லாக் கதவும் யன்னலும் இறுக மூடியிருக்கும்வரை கூரைக்கு எதிரி ஒன்றுதான். காற்று வரும் பக்கத்தில் ஒரு யன்னல் உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காற்று உள்ளே புகும். வெளியேற வழி இல்லை. ஒரு செக்கனுக்கும் குறைவான நேரத்தில் அறையின் அழுத்தம், வெளிச்சுவரின் மேல் உள்ள அழுத்தத்தை நெருங்கிவிடும். இப்போது வெளியே உறிஞ்சலும் உள்ளே தள்ளலும் ஒரே திசையில், மேல் நோக்கிச் சேர்கின்றன.

ஆறு மீற்றருக்கு எட்டு மீற்றர் என்ற அளவில் ஒரு சிறு வீட்டை எடுத்துக்கொள்வோம். கூரைப் பரப்பு 48 சதுர மீற்றர். மூடிய வீட்டில், அதே 49 மீற்றர் காற்றுக்கு, கூரையைத் தூக்கும் மொத்த விசை ஆறரைத் தொன் அளவில் இருக்கும். யன்னல் உடைந்தபின் அது பதினொன்றரைத் தொன்னைத் தொடும். தகரமும் மரமுமாக அந்தக் கூரையின் சொந்த எடை ஒரு தொன்கூட வராது. மிச்சத்தையெல்லாம் பிடித்து வைத்திருப்பவை கைமரத்தைச் சுவர்வளையோடும், சுவர்வளையைச் சுவரோடும் கட்டிய கம்பியும் ஆணியும். அவை ஆறரைத் தொன்னைத் தாங்கியிருக்கலாம். பதினொன்றரையைத் தாங்குமா?

கூரை மேல் மணல் மூடையும் கல்லும் பழைய டயரும் ஏற்றி வைப்பது எவ்வளவு உதவும் என்பதும் இதே கணக்கில் தெரிந்துவிடும். ஒரு சதுர மீற்றருக்கு 130 கிலோவுக்கு மேல் தூக்கும் காற்றுக்கு எதிரே, அங்கொன்றும் இங்கொன்றுமாக வைத்த 20 கிலோ மூடைகள் எம்மாத்திரம்? கூரை பிய்ந்தால் அந்தக் கற்களும் சேர்ந்து பறக்கும். ஓலை வீட்டின் மேல் பழைய வலையை விரித்து, அதன் நுனிகளை நிலத்தில் அறைந்த முளையில் கட்டும் மீனவர் வழக்கம் இதைவிடப் புத்திசாலித்தனமானது. வலை பாரத்தைக் கூரை முழுவதிலிருந்தும் வாங்கி நிலத்துக்குக் கொண்டுபோகிறது.

ஒரு ஐயம் இங்கே எழும். நம் ஊர்களில் யன்னலுக்கு மேலே காற்றோட்டத்துக்கு ஓட்டைக்கல் வைத்த வீடுகள் ஏராளம். அவை எப்போதுமே திறந்தவைதானே? வாய் திறந்த சாக்கைக் காற்றுக்கு எதிரே பிடித்தால் அது புடைக்கும். அடியும் கிழிந்திருந்தால் புடைக்காது. நான்கு சுவரிலும் ஒரே அளவாகத் துவாரம் இருக்கும் வீட்டில் ஒரு பக்கம் புகுந்த காற்று மற்றப் பக்கங்களால் போய்விடும். ஆபத்து, ஒரே பக்கத்தில் பெரிய வாய் திறப்பதில்தான்.

“அப்படியானால் காற்று வரும் பக்கத்தை மூடி, மறுபக்க யன்னலைத் திறந்து வைக்கலாமே” என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. பல நாடுகளில் ஒரு காலத்தில் இது பொது அறிவுரையாகவே இருந்தது. காற்று ஒரே திசையில் வீசிக்கொண்டிருந்தால் இதில் நியாயம் உண்டு. சூறாவளிக் காற்று அப்படி வீசுவதில்லை.

திசை மாறும் காற்று

நமது அரைக்கோளத்தில் சூறாவளி கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழல்கிறது. வங்காள விரிகுடாவிலிருந்து மேற்கு நோக்கி வரும் புயலின் மையம் பனிச்சங்கேணிக்குத் தெற்கே, மட்டக்களப்புப் பக்கம் கரையேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பனிச்சங்கேணியில் காற்று முதலில் வடகிழக்கிலிருந்து வரும். மையம் நெருங்க நெருங்கக் கிழக்கிலிருந்து, நேரே கடலிலிருந்து அடிக்கும். மையம் உள்நாட்டுக்குப் போனதும் தென்கிழக்குக்குத் திரும்பும். மையம் வடக்கே, திருகோணமலைப் பக்கம் கடந்தால் கதை நேர்மாறு. முதலில் வடமேற்கு, பிறகு களப்புப் பக்கமான மேற்கு, கடைசியில் தென்மேற்கு. மையம் ஊரின் மேலாகவே போனால் வடக்கிலிருந்து அடித்த காற்று திடீரென ஓயும். சிறிது நேரம் அமைதி. பிறகு தெற்கிலிருந்து அதே வேகத்தில் திரும்ப அடிக்கும். அந்த அமைதியைப் புயல் முடிந்ததாக நினைத்து வெளியே வந்தவர்கள் இறந்த சம்பவங்கள் உலகெங்கும் உண்டு.

இதில் வீட்டுக்காரருக்குப் பாடம் இரண்டு. முதலாவது, இன்று காற்று மறைவாக இருக்கும் பக்கம் இன்னும் சில மணி நேரத்தில் காற்றின் முகமாகிவிடலாம். அப்போது ஓடிப்போய் யன்னலை மூட யாராலும் முடியாது. ஆகவே எல்லாப் பக்கமும் மூட வேண்டும். இரண்டாவது, பலகை போதாவிட்டால் எதை முதலில் அடைப்பது என்று முடிவு செய்ய, மையம் எங்கே கரையேறும் என்ற வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைக் கேட்டால் போதும். மையம் தெற்கே என்றால் வடக்கு, கிழக்கு, தெற்குச் சுவர்கள் முதலில். வடக்கே என்றால் மேற்குச் சுவருக்கு முதலிடம்.

டார்வின் சொன்னது

1974ஆம் ஆண்டு நத்தார் இரவில் அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரை ட்ரேசி என்ற சூறாவளி தாக்கியது. விமான நிலையத்துக் காற்றுமானி மணிக்கு 217 கிலோமீற்றரைப் பதிந்த பிறகு செயலிழந்தது. நகரத்து வீடுகளில் பெரும்பாலானவை வசிக்க முடியாதபடி அழிந்தன. பொறியியலாளர் ஜோர்ஜ் வோக்கர் சேதங்களை ஆராய்ந்து 1975இல் அறிக்கை தந்தார். அதிலிருந்து வீடு கட்டும் உலகம் இரண்டு விடயங்களைக் கற்றுக்கொண்டது.

முதலாவது, களைப்பு. கூரைத் தகரம் ஒரே இழுப்பில் பிய்ந்து போகவில்லை. காற்று வீச்சுக்கு வீச்சு அது மேலும் கீழும் ஆயிரக்கணக்கான தடவை வளைந்ததில், திருகாணித் தலையைச் சுற்றித் தகரத்தில் நுண்ணிய வெடிப்புகள் விழுந்தன. ஆணி மரத்திலேயே நிற்க, தகரம் மட்டும் அதன் தலைக்கு மேலாகக் கழன்று போனது.

இரண்டாவது, உள்ளழுத்தம். ஒரு வீட்டின் கூரையிலிருந்து பிய்ந்த தகரமும் மரமும் அடுத்த வீட்டின் யன்னலை உடைத்தன. காற்று புகுந்து அந்த வீட்டுக் கூரையையும் தூக்கியது. அதன் துண்டுகள் அடுத்த வீட்டுக்குப் போயின. சேதம் வீடு வீடாகத் தொற்றிக்கொண்டு போனது. ஆகவே ஒரு வீட்டுக்காரர் தன் யன்னலை அடைப்பது, காற்று போகும் திசையில் இருக்கும் அயலவர் வீட்டுக்கும் காவல்.

1977இல் அவுஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில், ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் சூறாவளிச் சோதனை நிலையம் தொடங்கப்பட்டது. இலங்கையின் 1980ஆம் ஆண்டுக் கைநூலிலும் அவுஸ்திரேலியப் பொறியியலாளர்களின் பங்கு இருந்தது. டார்வினின் பாடம் ஆறு ஆண்டுக்குள் மட்டக்களப்பு வரை வந்துவிட்டது என்று சொல்லலாம். கைநூலிலிருந்து மேசனாரின் கைக்கு அது எவ்வளவு தூரம் போனது என்பது வேறு கேள்வி.

1992 ஓகஸ்ட் 24இல் அமெரிக்காவின் தென் புளோரிடாவை அன்ட்ரூ சூறாவளி தாக்கிய பிறகு, மியாமி வட்டாரத்தில் யன்னல் காப்புகளுக்குக் கட்டாயச் சோதனை வந்தது. நான்கு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான எடையுள்ள மரச்சட்டம் ஒன்றை, காற்றழுத்தத்தால் இயங்கும் குழாயில் வைத்து, செக்கனுக்கு 15 மீற்றர் வேகத்தில் காப்புப் பலகை மீது எய்வார்கள். பலகை துளைபடக் கூடாது. அதோடு முடியாது. அடிபட்ட அதே பலகையை மாறி மாறித் தள்ளியும் இழுத்தும் பார்ப்பார்கள். அடியையும் களைப்பையும் சேர்த்துத் தாங்குவதுதான் தேர்ச்சி.

அந்தச் சட்டத்தின் மோதல் ஆற்றல் ஏறத்தாழ 470 யூல். நம் கரையில் பறப்பது தென்னை மட்டையும் குரும்பையும் தேங்காயும் தகரத் துண்டும். ஒன்றரைக் கிலோத் தேங்காய் செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் வந்தால் 300 யூல். வீட்டு யன்னலின் மெல்லிய கண்ணாடிக்கு அதில் ஒரு சிறு பங்கே போதும். கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டும் பிளாஸ்திரி நாடாவால் அதன் வலிமை கொஞ்சமும் கூடுவதில்லை. உடையும்போது சிறு துண்டுகளாகச் சிதறாமல், நாடாவில் ஒட்டிய பெரிய கூர்த்துண்டுகளாக உள்ளே பாய்வதுதான் மிச்சம்.

பலகையும் திருகாணியும்

நல்ல யன்னற் காப்பு என்பது புதுமையான பொருள் அல்ல. நம்முடைய பழைய கடைகளைப் பாருங்கள். வாசல் முழுவதையும் இரவில் மூடுவது ஒரு வரிசைப் பலகை. மேலும் கீழும் உள்ள காடியில் ஒவ்வொன்றாகச் செருகி நகர்த்துவார்கள். ஒவ்வொரு பலகையிலும் இலக்கம் எழுதியிருக்கும். கடைசிப் பலகை போட்டதும் குறுக்கே ஒரு இரும்புப் பட்டை. கடைப் பையன் இருட்டிலும் சில நிமிடத்தில் மூடிவிடுவான். அளவெடுத்து வெட்டியது, இலக்கமிட்டது, ஓரங்களில் பிடிமானம் உள்ளது, குறுக்குச் சட்டம் போட்டது. சூறாவளிக் காப்புக்கு வேண்டிய நான்கு குணமும் அதில் இருக்கின்றன.

இன்று எளிதில் கிடைப்பது பிளைவூட். அமெரிக்க வீட்டு விதிகள் ஏற்கும் ஆகக் குறைந்த தடிப்பு 11 மில்லிமீற்றர். நம் கடைகளில் 12 மில்லிமீற்றர் கிடைக்கும். அதைவிடத் தடிப்பானது இன்னும் நல்லது. 1.2 மீற்றர் அகல யன்னலின் குறுக்கே 12 மில்லிமீற்றர் பலகையை இரு ஓரத்திலும் பிடித்து, செக்கனுக்கு 49 மீற்றர் காற்றை அதன் மேல் விட்டால் பலகை முறியாது. ஆனால் நடுவில் மூன்றரைச் சென்ரிமீற்றர் உள்ளே வளையும். கண்ணாடியை ஒட்டிப் பொருத்தியிருந்தால் பலகையே கண்ணாடியை உடைத்துவிடும். ஆகவே இடையில் ஐந்து சென்ரிமீற்றர் வெளி விட வேண்டும், அல்லது பலகையின் முதுகில் இரண்டு மரச்சட்டம் அடித்து விறைப்பாக்க வேண்டும். பலகையின் விறைப்பு தடிப்பின் கனத்தோடு கூடுவதால், தடிப்பை இரட்டித்தால் வளைவு எட்டில் ஒன்றாகும்.

பொருத்துவதற்கு ஆணி போதாது. காற்று மறைவான பக்கத்தில் பலகையை வெளியே உறிஞ்சும். வீச்சுக்கு வீச்சு இழுபடும் ஆணி கொஞ்சம் கொஞ்சமாக நழுவி வெளியே வரும். திருகாணியின் புரி அப்படி விட்டுக்கொடுக்காது. மரநிலை உறுதியானதென்றால், ஐந்து சென்ரிமீற்றராவது உள்ளே இறங்கும் திருகாணியை அந்த நிலையிலேயே பூட்டலாம். சீமெந்துக் கல் சுவரென்றால் துளையிட்டு றோல் பிளக் வைத்துப் பூட்ட வேண்டும். துளை, சுவர் விளிம்பிலிருந்து ஆறேழு சென்ரிமீற்றராவது தள்ளி இருக்கட்டும். விளிம்பை ஒட்டித் துளைத்தால் பூச்சோடு கல்லும் பிட்டுக்கொண்டு வரும். பலகையின் அகலம் 1.2 மீற்றர் வரை என்றால் 40 சென்ரிமீற்றருக்கு ஒரு திருகாணி. 1.8 மீற்றர் வரை என்றால் 25 சென்ரிமீற்றருக்கு ஒன்று. 2.4 மீற்றருக்கு மேல் ஒரே பலகையால் தாண்டக் கூடாது.

பனிச்சங்கேணி போன்ற இடத்தில் இன்னொரு எதிரி உப்பு. கடலும் களப்பும் சேர்ந்து ஊட்டும் உப்புக்காற்றில் சாதாரண இரும்பு ஆணி வெளியே பளபளப்பாகத் தெரியும்போதே உள்ளே அரித்திருக்கும். நாகம் பூசியதோ துருப்பிடிக்காத உருக்கோ வேண்டும். கூரைக் கட்டுக்கம்பிக்கும் இதே விதி. ஆண்டுக்கு ஒரு தடவை ஏறிப் பார்த்து, துருப்பிடித்ததை மாற்றாத வீட்டில் யன்னலை எவ்வளவு இறுக்கி அடைத்தும் பயன் குறைவு.

எல்லா வழியையும் அடைத்துவிடவும் கூடாது. வீட்டில் ஒரு கதவாவது உள்ளிருந்து உடனே திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மின்சாரம் போன இரவில் குப்பி விளக்கு சரிந்து தீப்பிடித்தால் வெளியேறும் வழி அதுதான்.

உடைந்த பிறகு

புயலின் நடுவே யன்னல் உடைந்துவிட்டால் அதை அடைக்கப் போகக் கூடாது. ஒரு சதுர மீற்றருக்கு 150 கிலோ தள்ளும் காற்றுக்கு எதிரே மேசையையோ மெத்தையையோ பிடித்து நிற்க மனிதரால் முடியாது. அடுத்த வீச்சில் என்ன பறந்து வரும் என்றும் தெரியாது. செய்யக்கூடியது, அந்த அறையை விட்டு வெளியேறி, அதன் உட்கதவைச் சாத்தித் தாழிடுவது. சும்மா ஆறுதலுக்குச் சொல்லும் வார்த்தை இல்லை இது. அமெரிக்காவில் முழு அளவு வீடுகளைக் காற்றுச் சுரங்கத்துக்குள் வைத்துச் செய்த ஆய்வுகளில், உட்கதவுகளைச் சாத்துவதால் கூரை மேல் வரும் விசை 30 சதவீதம் வரை குறையக்கூடும் என்று கண்டார்கள். உள்ளே புகுந்த காற்று ஒரு அறையோடு நின்றுவிடுகிறது. வீட்டுக் கூரை முழுவதையும் தூக்குவதில்லை. படுக்கைக்குப் போகுமுன் உட்கதவுகளைச் சாத்துவதற்கு ஒரு சதமும் செலவில்லை.

காற்று ஓய்ந்த பின்தான் அவசர அடைப்பு. வேலை ஒழுங்காக நடக்க வேண்டும். முதலில் மின்சாரப் பிரதான ஆளியை அணைத்து, அறுந்த கம்பி ஏதும் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிராம உத்தியோகத்தருக்கும் காப்புறுதிக்கும் காட்டுவதற்கு, எதையும் தொடும் முன் படம் எடுத்துக்கொள்ளலாம். பிறகு தடித்த காலணியும் கையுறையும் போட்டு, நிலையில் மிஞ்சிய கண்ணாடியை மேலிருந்து கீழாக எடுக்க வேண்டும். கீழிருந்து தொடங்கினால் மேலே நிற்கும் துண்டு கைமேல் விழும். உடைந்த அஸ்பெஸ்டோஸ் சீற் துண்டுகளை யன்னலுக்கு அடைப்பாக அறுத்துப் போடக் கூடாது. அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. அப்புறப்படுத்துவதென்றாலும் நனைத்து, மூக்கை மூடிக்கொண்டு, உடைக்காமல் எடுக்க வேண்டும்.

நிலையும் ஆடிப்போன யன்னலுக்குத் திருகாணி பயன்படாது. அதற்கு வேறு வழி உண்டு. வெளியே திறப்பைவிடப் பெரிய பலகை ஒன்று. உள்ளே, திறப்பைவிட நீளமான இரண்டு மரச்சட்டம் குறுக்கே. இரண்டையும் சேர்த்து நீண்ட போல்ட் நுழைத்து, வொஷர் போட்டு, நட்டை உள்ளிருந்து இறுக்குவது. உருண்டைத் தலை வெளியே இருப்பதால் வெளியாள் கழற்ற முடியாது. சுவரையே பலகையும் சட்டமும் இரு பக்கமும் கவ்விப் பிடிப்பதால், உடைந்த நிலைக்கு எந்தப் பாரமும் போகாது. இரும்புக் கிறில் போட்ட யன்னலென்றால் கம்பிகளுக்கு இடையால் போல்ட்டை விடலாம். துளையிட மின்சாரம் இல்லாத நாட்களில் இது பெரிய வசதி.

பலகை கிடைக்காமல் தறப்பாள்தான் உண்டு என்றால், அதன் விளிம்பை ஒரு மரச்சிலாகையில் இரண்டு சுற்றுச் சுற்றி, சிலாகையோடு சேர்த்து அறைய வேண்டும். தறப்பாளில் நேரே ஆணி அடித்தால் முதல் காற்றிலேயே ஆணித்தலை கிழித்துக்கொண்டு வரும். தறப்பாள் மழையைத் தடுக்கும். இன்னொரு புயலைத் தடுக்காது. நவம்பரில் ஒரு புயல் போனால் மாரி முடிய இன்னும் வாரக்கணக்கு இருக்கும். வாகரைப் பிரதேசம் 2004 சுனாமியையும் அதன் பிறகு போரின் இடப்பெயர்வையும் கண்டது. தகரமும் தறப்பாளும் அந்த ஆண்டுகளில் பல குடும்பங்களுக்கு நெடுநாள் சுவரும் கதவுமாக இருந்தன. தற்காலிகம் என்று போட்டது நினைத்ததைவிட நீண்ட நாள் நிற்கும். நிற்கும் என்று எண்ணியே அதைச் செய்ய வேண்டும்.

பலகைக்கு முடியாதது

இவ்வளவும் காற்றுக்கு. தண்ணீருக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. செக்கனுக்கு 49 மீற்றர் காற்று ஒரு சதுர மீற்றரில் 150 கிலோ தள்ளுகிறது. ஒரு மீற்றர் ஆழத் தண்ணீர் அசையாமல் நின்றாலே, அடிமட்டத்தில் ஒரு சதுர மீற்றருக்கு 1,000 கிலோ தள்ளும். வாசலுக்கு வெளியே ஒரு மீற்றர் தண்ணீர் நின்றால் கதவின் மேல் மொத்தம் 450 கிலோ. 1978இல் கிழக்குக் கரையில் கடல் இரண்டு மீற்றர் அளவுக்கு மேலெழுந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயலிலும் நாட்டில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது பெரும்பாலும் வெள்ளமும் மண்சரிவுமே. கடலுக்கும் களப்புக்கும் நடுவே இருப்பவர்கள், வெளியேறச் சொன்னால் வீட்டை அடைத்துவிட்டு வெளியேற வேண்டும். அடைத்த வீட்டுக்குள் இருக்கக் கூடாது. ஓலை வீட்டுக்கும், கூரைக்கட்டு இல்லாத தகர வீட்டுக்கும் இது தண்ணீர் வராவிட்டாலும் பொருந்தும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம் எல்லார் தொலைபேசியிலும் இருக்கட்டும்.

எச்சரிக்கை வந்த பிறகு பலகை தேடினால் கிடைக்காது. கடையில் இருந்தாலும் அறுக்க ஆள் கிடைக்கமாட்டார். தச்சருக்கு வேலை குறைந்த, மழை இல்லாத ஆவணி மாதத்தில் வீட்டு யன்னல்களை அளந்து பலகையை அறுத்துவிடுங்கள். துளை போட்டு, எந்தப் பலகை எந்த யன்னலுக்கு என்று இலக்கம் எழுதி, திருகாணியை ஒரு பையில் கட்டிப் பலகையோடு மாட்டிவிடுங்கள். ஒரு தடவை பொருத்திப் பார்த்து எத்தனை மணி நேரம் ஆகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தனியே இருக்கும் முதியவர் வீடு பக்கத்தில் இருந்தால் அந்த அளவையும் சேர்த்தே எடுங்கள். அவர் கூரை பறந்தால் அது வந்து விழப்போவது உங்கள் யன்னலில்தான்.